கன்று நட வருகிறவர்களே, அந்த ஒரு மீட்டர் வட்டத்தை யார் பார்ப்பது?

மரக்கன்று நடும் குழுக்களில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும், கன்றுக்குப் பணம் கொடுக்கும் நல்ல மனதுக்காரர்களுக்கும், புதுக்கோட்டைப் பக்கத்து ஊராட்சித் தலைவர்களுக்கும் வணக்கம்.

நேராகவே கேட்டுவிடுகிறேன். இந்த வருடம் நீங்கள் நட நினைத்திருக்கும் பழமரக் கன்றுகளைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அதில் மிஞ்சும் பணத்தையும் ஆட்களையும், ஏற்கெனவே நட்ட கன்றுகளின் தூரில் மண்டிக் கிடக்கும் புல்லை எடுக்கத் திருப்பிவிடுங்கள். முதல் மூன்று வருடம் ஒவ்வொரு கன்றையும் சுற்றி ஒரு வட்டம், அந்த வட்டத்துக்குள் புல் இருக்கக் கூடாது. நான் கேட்பது இதுதான். இனி எழுதுவதெல்லாம் அது ஏன், எப்படி என்பது பற்றி.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்கள் ஊர்கள் வழியாகப் போனபோது தென்னை, பலா, மா, முந்திரி என்று என்னென்ன விழுந்தன என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, விழுந்த மரத்தை அறுத்துப் பாதை எடுத்தவர்கள் உங்களில் பலர். கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் என்று பலாவுக்குப் பேர் வாங்கிய ஊர்களில் தாத்தா காலத்து மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. அதற்குப் பிறகு நீங்கள் கன்றுகளோடு வந்தீர்கள். பள்ளிக்கூட வளாகம், கோயில் நிலம், குளத்தங்கரை, தோப்பை இழந்தவர்களின் கொல்லை என்று எல்லா இடத்திலும் நட்டீர்கள். அந்த நன்றி எங்களுக்கு எப்போதும் உண்டு. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

ஒட்டுப் பலா, அதாவது வேறொரு கன்றின் மேல் நல்ல ரகத்தை ஒட்டி வளர்த்தது, மூன்று நான்கு வருடத்தில் காய் காட்டும். ஒட்டு மாவும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆக, புயலுக்கு அடுத்த வருடம் நட்ட ஒட்டுக்கன்றுகள் இந்நேரம் காய்த்துக்கொண்டிருக்க வேண்டும். காய்க்கிற மரங்களும் இருக்கின்றன, அவை எங்கே நிற்கின்றன என்று கொஞ்சம் பாருங்கள்: வீட்டை ஒட்டி, யாராவது ஒருவர் போகிற வருகிற நேரத்தில் குனிந்து நான்கு புல்லைப் பிடுங்கிப் போடுகிற இடத்தில். பொது இடத்தில் நட்டவற்றில் பல செத்துப்போய்விட்டன, உயிரோடு இருப்பதில் நிறைய இன்னும் இடுப்பு உயரம் தாண்டவில்லை, இலை வெளிறிப்போய் வருடத்துக்கு ஒரு கொழுந்து விட்டுக்கொண்டு நிற்கின்றன. கேட்டால் தண்ணீர் இல்லை, மண் சரியில்லை, கன்று சரியில்லை என்று சொல்கிறார்கள். தண்ணீர் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் டேங்கர் வைத்துத் தவறாமல் ஊற்றிய இடங்களிலும் இதே நிலைதான், ஊற்றிய தண்ணீரில் புல் இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது, கன்று அதற்குள் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. பாலித்தீன் பையில் வளர்ந்த கன்றுக்கு நடும் நாளில் வேர் எவ்வளவு இருக்கும்? அந்தப் பை அளவுதான். முதல் வருடம் பெரும்பாலும் அதன் பிழைப்பு மேல் ஒரு அடி மண்ணுக்குள்தான் நடக்கிறது. புல்லின் வேர் மிக அடர்த்தியாக இருப்பதும் அதே ஒரு அடியில்தான். பெய்கிற மழை, நீங்கள் குடத்தில் ஊற்றுகிற தண்ணீர், அள்ளிப் போடுகிற எரு எல்லாம் முதலில் புல்லின் வேரைத் தாண்ட வேண்டும், தாண்டி மிஞ்சியதுதான் கன்றுக்கு. எருமையையும் பிறந்து ஒரு வாரமான கன்றுக்குட்டியையும் ஒரே தொட்டியில் விட்டுவிட்டுக் குட்டி ஏன் தேறவில்லை என்று கேட்பது போலத்தான் இது. கன்று வெளிறுகிறதே என்று யூரியா போடுகிறார்கள், அதையும் புல்லே தின்று இன்னும் கொழுக்கிறது, அது இன்னும் தண்ணீர் குடிக்கிறது, கன்று இன்னும் வாடுகிறது.

“புல் இருந்தால் மண் ஈரமாக இருக்குமே, வெறும் மண் காய்ந்துபோகாதா?” என்று எங்கள் ஊரிலேயே பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். வெறும் மண்ணில் மேல் இரண்டு அங்குலம் பொடியாகக் காய்ந்து கிடக்கும், புல் இருக்கும் இடம் குளிர்ச்சியாகத் தெரியும். ஆனால் புல் என்பது ஒவ்வொரு இலையாலும் அடியில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டிருக்கிற செடி. வெறும் மண்ணில் மேலே காய்ந்த அந்தப் பொடி மண்ணே கீழ் ஈரத்துக்கு ஒரு மூடியாகிவிடுகிறது. நம்பிக்கை இல்லையென்றால் தை மாதம் மழை நின்று மூன்று வாரம் கழித்து ஒரு கடப்பாரையோடு போங்கள், புல் மண்டிய இடத்தில் ஒரு அடி தோண்டுங்கள், அதற்குப் பக்கத்திலேயே களை எடுத்த இடத்தில் ஒரு அடி தோண்டுங்கள், இரண்டு மண்ணையும் கையில் பிடித்துப் பாருங்கள். எந்த மண் உருண்டை பிடிக்கிறது, எது உதிர்ந்துபோகிறது என்று உங்கள் கையே சொல்லிவிடும். பள்ளிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதைச் செய்தால் இன்னும் நல்லது.

இது இன்று நேற்றுத் தெரிந்த விஷயமும் இல்லை. இங்கிலாந்தில் வோபர்ன் என்ற இடத்தில் 1894இல் பெட்ஃபோர்டு பிரபுவும் ஸ்பென்சர் பிக்கரிங் என்ற வேதியியலாளரும் ஒரு பழத்தோட்ட ஆய்வுப் பண்ணை தொடங்கினார்கள். இளம் ஆப்பிள் மரங்களின் தூரில் புல்லை விட்டுப் பார்த்தபோது மரங்கள் வளராமல் அப்படியே நின்றுவிட்டன, பாதிப்பு அவ்வளவு கடுமையாக இருந்ததால் புல் ஏதோ விஷத்தைக் கக்குகிறது என்றே பிக்கரிங் முடிவு கட்டினார். பின்னால் வந்தவர்கள் தண்ணீருக்கும் நைட்ரஜனுக்கும் நடக்கும் போட்டிதான் முக்கியமான காரணம் என்று சொன்னார்கள். அதே நாட்டில் 1980களில் வனத்துறை ஆய்வாளர்கள் கண்டு சொன்னது நமக்கு இன்னும் முக்கியம்: புல்லை மட்டமாக வெட்டி விடுவதால் கன்றுக்குப் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. அங்கே மழையும் குளிரும் அதிகம், நம் வெயில் கிடையாது, அங்கேயே இந்த நிலைமை என்றால் சித்திரை வெயிலில் நம் செம்மண்ணில் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

வெட்டுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களில் பல குழுக்கள் செய்வது அதைத்தான். வருடத்துக்கு ஒரு முறை, பெரும்பாலும் யாராவது முக்கியமானவர் பார்க்க வருவதற்கு முந்தின நாள், புல் வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு ஆள் எல்லாவற்றையும் வழித்துவிட்டுப் போகிறார். படத்துக்கு அழகாக இருக்கிறது. ஆனால் வெட்டிய புல் சாவதில்லை, தூர் கட்டி முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கிறது, துளிர்க்கிற புல்லுக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படுகிறது, வேர் எங்கேயும் போகவில்லை. அதைவிட மோசம், இயந்திரத்தில் சுற்றும் அந்த நைலான் கயிறு கன்றின் அடித்தண்டில் பட்டுப் பட்டையை வளையமாக உரித்துவிடுகிறது. பட்டை சுற்றிலும் போய்விட்டால் இலையில் சமைத்த உணவு வேருக்கு இறங்காது. கன்று உடனே சாகாது, இரண்டு மூன்று மாதம் பச்சையாகவே இருந்துவிட்டு வெயிலில் ஒரே வாரத்தில் காயும், எல்லோரும் வெயிலைக் குற்றம் சொல்வார்கள். காய்ந்து நிற்கிற கன்றுகளின் அடித்தண்டைக் குனிந்து பாருங்கள், பாதிக் கதை அங்கே எழுதியிருக்கும். தயவுசெய்து, கன்றிலிருந்து இரண்டு அடிக்குள் அந்த இயந்திரம் வரவே கூடாது என்று உங்கள் ஆட்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

சரி, எவ்வளவு இடத்தில் புல் எடுக்க வேண்டும்? இதைக் கேட்டதும் ஒரு ஏக்கர் முழுக்கக் கொத்த வேண்டும் என்று பயந்துவிடுகிறார்கள். கணக்குப் பாருங்கள். மாவைப் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் நட்டால் ஏக்கருக்கு 40 கன்று. கன்றை நடுவில் வைத்து ஒரு மீட்டர் விட்டத்தில் வட்டம் போட்டால் 40 வட்டமும் சேர்ந்து 31 சதுர மீட்டர் சொச்சம்தான், அதாவது முக்கால் சென்ட். நூறு சென்ட் நிலத்தில் முக்கால் சென்ட்! இரண்டாம் வருடம் ஒன்றரை மீட்டர், மூன்றாம் வருடம் இரண்டு மீட்டர் என்று கன்றோடு சேர்த்து வட்டத்தையும் அகலப்படுத்திக்கொண்டு போங்கள், அப்போதும் மொத்தம் மூன்று சென்ட்டைக் கொஞ்சம்தான் தாண்டும். மிச்ச 97 சென்ட்டில் புல் இருக்கட்டும், இருக்கத்தான் வேண்டும். டிராக்டர் வைத்து மொத்தத்தையும் உழுது வெறுந்தரையாக்கிவிட்டால் ஐப்பசி கார்த்திகை மழையில் மேல்மண் அடித்துக்கொண்டு போய்விடும், கன்றின் மேலாக ஓடும் வேரையும் கொழு அறுத்துவிடும்.

இடையில் என்ன இருக்கலாம் என்றால், கொள்ளு, உளுந்து, தட்டைப்பயறு, கடலை எதுவும் போடலாம், வட்டத்தை விட்டுத் தள்ளிப் போட வேண்டும், அவ்வளவுதான். பசுந்தாள் உரச் செடியான சணப்பை விதைத்துப் பூக்கிற பருவத்தில் அறுத்து, அதையே கொண்டுவந்து கன்றின் வட்டத்தில் பரப்பினால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும். மாடு வைத்திருப்பவர்கள் இருக்கும் ஊரில் தீவனத்துக்குக் கொழுக்கட்டைப்புல்லும் முயல்மசாலும் கலந்து விதைத்துவிடலாம். சோளம் மாதிரி உயரமாக வளர்வதைக் கன்றுக்கு அருகில் போடாதீர்கள், நிழல் கட்டிவிடும்.

வட்டத்துக்குள் வேலை செய்யும் விதத்தில்தான் நிறையத் தவறுகள் நடக்கின்றன. மண்வெட்டியை ஓங்கிக் கொத்தக் கூடாது. களைக்கொத்து போதும், ஒன்று அல்லது இரண்டு அங்குல ஆழம், அதற்குமேல் போனால் கன்றின் வேரையே வெட்டுகிறீர்கள். தண்டைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்குள் கையால்தான் பிடுங்க வேண்டும், மழை பெய்த மறுநாள் செய்தால் வேரோடு வரும். பலா வேரில் கை வைத்தால் பொறுக்காத மரம், அங்கே இன்னும் கவனம் தேவை. கொத்திய மண்ணைத் தண்டைச் சுற்றிக் குவித்து வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும், தண்டு அழுகும், ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்குள் போகும். ஒட்டு எப்போதும் மண்ணுக்கு மேலே கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதற்குக் கீழிருந்து கிளம்பும் துளிரைக் களை எடுக்கும்போதே கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் சில வருடத்தில் நீங்கள் நட்ட ரகம் செத்து ஒட்டுக்குக் கீழே இருக்கும் அடிக்கன்று மட்டும் மரமாகி நிற்கும். பாத்தியும் தண்டருகில் கொஞ்சம் மேடாக, ஓரத்தில் பள்ளமாக இருக்கட்டும், அடைமழையில் பலாவின் தூரில் தண்ணீர் நின்றால் அது தாங்காது.

புல்லை எடுத்த பிறகு மூடாக்கு, அதாவது காய்ந்த இலைதழையைப் பரப்பி மண்ணை மூடுவது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் பேசிய விஷயம், எங்கள் பக்கம் கேள்விப்படாதவர்களே இல்லை. ஆனால் மூடாக்கு என்றால் புல்லை அப்படியே வளரவிடுவது என்று சிலர் எடுத்துக்கொண்டுவிட்டார்கள், உயிருள்ள புல்லும் அறுத்துப் போட்ட புல்லும் கன்றுக்கு ஒன்று இல்லை. ஒன்று தண்ணீரைக் குடிக்கும், இன்னொன்று தண்ணீரைக் காக்கும். தென்னந்தோப்பு ஊரில் மூடாக்குக்குப் பஞ்சமே இல்லை: துண்டு போட்ட தென்னை மட்டை, கவிழ்த்து வைத்த தேங்காய் மட்டை, கடலைத் தோல், வைக்கோல், வாழைச் சருகு, மக்கிய தேங்காய் நார்க்கழிவு எல்லாம் ஆகும். மக்காத நார்க்கழிவை மட்டும் அப்படியே கொட்டாதீர்கள். நான்கு அங்குலக் கனம் வேண்டும், அது மூன்று நான்கு மாதத்தில் அமுங்கிப் பாதியாகும், மறுபடி மேலே போட வேண்டும். ஈரமான மண்ணின் மேல் போடுங்கள், காய்ந்த மண்ணின் மேல் போட்டால் அடுத்து வரும் சிறு தூறலை மூடாக்கே குடித்துவிடும், மண்ணுக்கு ஒரு சொட்டும் இறங்காது.

கரையான் வருமே என்பீர்கள். ஆமாம், எங்கள் செம்மண்ணில் அது நிஜமான பயம். தண்டை ஒட்டிக் காய்ந்த சருகு கிடந்தால் கரையான் அதன் வழியாகப் பட்டைக்கு ஏறும். அதனால்தான் தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் வெறுமையாக இருக்க வேண்டும். குழியில் வேப்பம் புண்ணாக்கு போட்டு நடுங்கள், மாதம் ஒரு முறை அடித்தண்டில் மண் கூடு இருக்கிறதா என்று பார்த்துத் தட்டிவிடுங்கள். கரையான் தொல்லை அதிகமான இடத்தில் கல்லையே மூடாக்காகப் பரப்பிவிடலாம். கல் தின்னப்படாது, மக்காது, நெருப்புப் பிடிக்காது, அடியில் ஈரம் இருக்கும். மூடாக்கைக் கையால் கிளறும் முன் ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள், பாம்பும் தேளும் அந்தக் குளிர்ச்சியைத் தேடி வரும், பிள்ளைகள் வேலை செய்யும் இடத்தில் இதை மறக்கவே கூடாது.

எல்லாக் களையும் ஒன்று இல்லை. துத்தி, குப்பைமேனி, பண்ணைக்கீரை, சாரணை இவையெல்லாம் பூக்கும் முன் ஒரு முறை பிடுங்கினால் அந்தப் பருவத்துக்கு அடங்கும், பிடுங்கியதில் சமையலுக்கு ஆகிற கீரையும் உண்டு. கோவைக்கொடி மாதிரிப் படர்கிறவை கன்றின் மேல் ஏறிக் கொழுந்தை வளைத்துவிடும், பார்த்ததும் அறுங்கள். பார்த்தீனியத்தை வெறுங்கையால் தொடவே வேண்டாம், தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் வருகிற செடி, கையுறை போட்டுப் பூக்கும் முன் பிடுங்க வேண்டும், பூத்ததை மூடாக்காகப் போட்டால் அடுத்த வருடத்து விதையை நீங்களே விதைத்த மாதிரி.

கோரையும் அறுகும்தான் பெரிய சோதனை. உலகத்தின் மோசமான களைகள் என்று தாவர ஆய்வாளர்கள் போட்ட பட்டியலில் முதலிடத்தில் இருப்பது நம் கோரைதான். மேலே இலையைப் பிடுங்கினால் அடியில் இருக்கும் கிழங்கு மறுபடி முளைக்கும், ஒரு கிழங்கிலிருந்து இன்னொன்று என்று சரம் சரமாக ஓடும். டிராக்டரில் மாட்டி மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரை விட்டால் அந்தச் சரம் துண்டாகித் தூங்கிக்கொண்டிருந்த கிழங்கெல்லாம் எழுந்துகொள்ளும், அறுகின் ஒவ்வொரு கணுவும் ஒரு புதுச் செடியாகும். கோரை மண்டிய நிலத்தில் ரோட்டவேட்டர் ஓட்டிவிட்டுக் கன்று நடுவது கன்றுக்குச் செய்கிற அநியாயம். என்ன செய்யலாம் என்றால், நடுவதற்கு முன்பே அந்த வட்டத்தைக் கடப்பாரையால் கிளறிக் கிழங்கையும் வேரையும் பொறுக்கி வெயிலில் காயப்போடுங்கள், பிறகு முளைப்பதை மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, புதுக் கிழங்கு வைக்கும் முன், விடாமல் எடுங்கள். இரண்டுக்கும் நிழல் ஆகாது என்பது நமக்குச் சாதகம், வட்டத்துக்கு வெளியே சணப்போ தட்டைப்பயறோ அடர்த்தியாக மூடினால் அவை ஒடுங்கும். அறுகுக்கு, பழைய அட்டைப்பெட்டியை ஒட்டுநாடா உரித்து இரண்டு அடுக்காக விரித்து மேலே மூடாக்குப் போட்டால் சில மாதம் நன்றாகவே கட்டுப்படுகிறது. கோரை அட்டையையும் குத்திக்கொண்டு வரும், மெல்லிய பிளாஸ்டிக் தாளையும் குத்திக்கொண்டு வரும், அதற்குக் கைதான் வழி.

களைக்கொல்லி மருந்தடித்தால் ஒரு நாளில் முடிந்துவிடுமே என்று கேட்கும் நண்பர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். கிளைபோசேட் இலை வழியாகப் போய் வேர் வரை கொல்கிற மருந்து. இளம் கன்றின் தண்டு பச்சையாக இருக்கும்வரை அந்தப் பட்டையும் மருந்தை உறிஞ்சும், தூரில் கிளம்பிய துளிரில் பட்டாலும் உள்ளே போகும். அந்தக் கன்று உடனே சாகாமல் இலை சிறுத்துக் குருத்து கூம்பி நிற்கும், பார்ப்பவர்கள் நோய் என்று நினைத்து அதற்கு வேறு மருந்து அடிப்பார்கள். இந்த மருந்துக்கு நம் நாட்டில் பதிவு இருந்ததே தேயிலைக்கும் பயிரில்லாத நிலத்துக்கும்தான், 2022 அக்டோபரில் பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் தவிர யாரும் தெளிக்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவிக்கையும் வெளியிட்டது. 2,4-டி என்ற இன்னொரு களைக்கொல்லி இன்னும் ஆபத்து, காற்றில் மிதந்து பக்கத்து வயல் பருத்தி, தக்காளி வரை போய்க் கருக்கும். முகத்தில் துணிகூடக் கட்டாமல் கைத்தெளிப்பானோடு பள்ளிக்கூட வளாகத்தில் யாரும் இறங்குவதை ஊராட்சித் தலைவர்கள் அனுமதிக்கவே கூடாது. முக்கால் சென்ட் இடத்துக்கு விஷம் தேவையில்லை.

இப்போது கூண்டு. ஆட்டுக்காக நீங்கள் வைக்கும் இரும்புக் கூண்டு, பச்சை வலை, கருவேல முள் எல்லாம் அவசியம்தான், அவை இல்லாமல் ஒரு கன்றும் தங்காது. ஆனால் ஊரிலேயே புல் மிக உயரமாக வளரும் இடம் எது என்றால் அந்தக் கூண்டுக்குள்தான்! ஆட்டு வாய் நுழையாது, மாட்டு வாய் நுழையாது, மனிதக் கையும் நுழையாது. நான்கு பக்கமும் பற்றவைத்த கூண்டில், கொடுத்தவர்கள் பேர் எழுதிய தகடு பளபளவென்று இருக்க, உள்ளே கன்று புல்லுக்குள் மூழ்கிக் கிடக்கிறது. ஒரு அமைப்பிடம் இதைச் சொன்னபோது கதவு வைத்தால் கூண்டுக்கு விலை கூடும் என்று பதில் வந்தது. விலை கூடட்டும், கூண்டின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒரு பக்கம் கொக்கி போட்டுத் திறக்கிற மாதிரியோ, ஒரு பெண் குனிந்து கையும் களைக்கொத்தும் விடுகிற மாதிரியோ இல்லாத கூண்டை இனி வாங்காதீர்கள். முள் கட்டினால் ஒரு பக்கத்து முள்ளை இழுத்துத் திறக்கும்படி கட்டுங்கள். அகலமும் முக்கியம், ஒரு அடி அகலக் கூண்டுக்குள் ஒரு மீட்டர் வட்டம் எப்படி வரும்?

எப்போது எடுப்பது என்பதில் ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வையுங்கள். எங்கள் பக்கம் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகை. முதல் மழைக்கு இரண்டு மூன்று வாரத்தில் களை சிறிசாக முளைத்திருக்கும்போது ஒரு கை, கோடை மழைக்குப் பிறகு ஒரு கை, ஆடி ஆவணியில் ஒரு கை. இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது மார்கழிக் கடைசியிலோ தைப் பிறப்பிலோ எடுப்பது. மழை நின்ற அந்த நாளில் மண்ணுக்குள் இருக்கும் ஈரம்தான் வைகாசி வரை கன்றுக்குச் சேமிப்பு, அதை மாசி முடிவதற்குள் புல் குடித்து முடித்துவிட்டு அதுவும் காய்ந்துபோகும், அப்புறம் அந்தக் காய்ந்த புல்லில் யாரோ போடும் பீடித் துண்டில் நெருப்புப் பிடித்தால் கன்றும் கூண்டும் கருகும். வருடத்துக்கு ஒரே ஒரு முறைதான் எங்களால் வர முடியும் என்கிற குழு இருந்தால், தை மாதம் வாருங்கள், புல்லை எடுத்து ஈரத்தின் மேல் மூடாக்கைப் போட்டுவிட்டுப் போங்கள். சுற்றுச்சூழல் தினம் என்று ஜூன் 5 அன்று கன்று நடுகிறீர்களே, அந்த அனல் காற்றில் எங்கள் மானாவாரி நிலத்தில் நடும் கன்று பெரிய மழைக்காக நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த நாளைக் களை எடுக்கும் நாளாக மாற்றிவிடுங்கள், கோடை மழைக்கு முளைத்த புல் சரியாக அப்போது நிற்கும்.

யார் எடுப்பது? இதற்கு எங்கள் ஊரிலேயே விடை இருக்கிறது, நீங்கள் அவர்களிடம் பேசியதே இல்லை. காலையில் பன்னரிவாளும் சாக்குமாகப் புல் அறுக்கப் போகிற அக்காமார், ஆச்சிமார். எந்தக் கரையில் எந்தப் புல், எந்த மாதம் முற்றும் என்று அவர்களுக்குத் தெரியும், இப்போது நீங்கள் வேலி போட்டதால் அந்த இடத்துக்குள் வரக் கூடாது என்று அவர்களைத்தான் விரட்டுகிறார்கள். விரட்டாதீர்கள். இடைவெளியில் வளரும் புல் முழுவதும் உங்களுக்கு, அதற்குப் பதில் இந்த இந்தக் கன்றுகளின் வட்டம் உங்கள் பொறுப்பு, வட்டம் எடுக்கும் நாளுக்குக் கூலி தனி என்று ஊராட்சியில் பேசி முடிவு செய்யுங்கள். கூலி கட்டாயம் கொடுக்க வேண்டும், புல்லே கூலி என்று சொல்லிவிடக் கூடாது, அது குனிந்து செய்கிற வேலை, வெயில் வேலை. கன்றுக்கும் கூண்டுக்கும் தகட்டுக்கும் இருக்கிற பணம் அந்த இடுப்பு வலிக்கு இல்லை என்று சொல்வது நியாயமாக இல்லை.

பணம் கொடுக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை. உங்களிடம் ஒரு குழு வந்து ஆயிரம் கன்று நட்டோம் என்று சொன்னால், போன வருடம் நட்டதில் எத்தனை உயிரோடு இருக்கின்றன, எத்தனைக்கு வட்டம் சுத்தமாக இருக்கிறது என்று கேளுங்கள். நடும் நாள் படம் வேண்டாம், இரண்டாம் வருடம் தை மாதத்துப் படத்தைக் கேளுங்கள், தண்டும் தரையும் தெரிகிற மாதிரி எடுத்த படம். நீங்கள் அதைக் கேட்க ஆரம்பித்தாலே வேலை தானாக அந்தப் பக்கம் திரும்பும். ஒரு கன்றுக்குக் கொடுக்கிற பணத்தில் மூன்று வருடத்துக் களையெடுப்பும் அடக்கம் என்று எழுதியே வாங்குங்கள், அந்தத் தொகைக்கு எத்தனை கன்று வருகிறதோ அத்தனை போதும்.

ஊராட்சித் தலைவர்களுக்கும் குழுக்களுக்கும் சேர்த்துக் கடைசியாக ஒரு வேலை. வருகிற ஐப்பசி மழைக்கு முன் உங்கள் பழைய பட்டியலை எடுத்துக்கொண்டு வாருங்கள், புயலுக்குப் பிறகு எந்த ஊரில் எங்கே நட்டீர்கள் என்ற பட்டியல் உங்களிடம் இருக்கும். நடந்து போய் எண்ணுவோம். உயிரோடு இருக்கும் கன்று எது, பட்டை உரிந்தது எது, கூண்டை அறுத்து அகலப்படுத்த வேண்டியது எது, கோரை இருக்கும் இடம் எது என்று எழுதிக்கொள்வோம், புல் அறுக்கும் பெண்களையும் அந்த நடையிலேயே கூப்பிட்டுப் பேசிவிடுவோம். புதிதாக எத்தனை நடுவது என்பதை அந்த எண்ணிக்கை முடிந்த பிறகு முடிவு செய்யுங்கள். எங்கள் ஊருக்கு வருகிற குழுவுக்குக் களைக்கொத்தும் தென்னை மட்டையும் நாங்கள் தருகிறோம், மதியச் சோறும் எங்கள் பொறுப்பு. எந்தத் தேதிக்கு வருகிறீர்கள் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
கீரமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவர்